இளம் வயதில் குடல் பாலிப்பும் அடுத்த பரிசோதனையும்: சிங்கப்பூரில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பதுகளில் எனக்குப் பெருங்குடலில் பாலிப் இருப்பது தெரிந்து எடுத்தார்கள். இந்த விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து, கோவிலிலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆட்கள்தான் வேறே தவிர, கேள்விகள் ஏறக்குறைய அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இங்கே இருப்பது பொதுவான தகவல். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலிப்னா என்ன அக்கா? கட்டியா, புற்றுநோயா?

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உள்சுவரில் சில இடங்களில் சதை கொஞ்சம் கூடுதலாக வளர்ந்து முளைத்து நிற்கும். அதுதான் பாலிப். சிலது காளான் போலக் காம்போடு இருக்கும். சிலது சுவரோடு சுவராகத் தட்டையாகப் படிந்திருக்கும். இவை சட்டென்று கண்ணில் படாது.

பாலிப் புற்றுநோய் இல்லை. பெரும்பாலான பாலிப்கள் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு பாலிப்பில்தான் ஆரம்பித்திருக்கும். அப்படி மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் போல ஆகும். அதற்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் அதோடு சரி. அடினோமா எடுக்கப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-ல் வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோயால் இறப்பது அவர்களிடையே எதிர்பார்த்ததைவிட 53% குறைவாக இருந்தது.

ரிப்போர்ட்ல 'டியூபுலர் அடினோமா, லோ கிரேட் டிஸ்பிளேசியா'ன்னு போட்டிருக்கு. ராத்திரி தூக்கமே வரல.

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகக் கண்ணீரோடு வருவது இதுதான். அடினோமா என்பது பாலிப்பில் ஒரு வகை. புற்றுநோயாக மாறக்கூடிய வகை என்பதால்தான் அதை எடுக்கிறார்கள். செல்கள் இயல்பான தோற்றத்திலிருந்து கொஞ்சம் மாறியிருப்பதைத்தான் டிஸ்பிளேசியா என்கிறார்கள். அடினோமா என்றாலே குறைந்தபட்சம் லோ கிரேட், அதாவது லேசான மாற்றம் இருக்கும். அது இல்லாவிட்டால் அதற்கு அந்தப் பெயரே வராது. ஆகவே அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால், சாதாரண அடினோமா என்றுதான் பொருள். எடுத்தாயிற்று, இனி சொன்ன தேதியில் அடுத்த பரிசோதனைக்குப் போனால் போதும்.

மருத்துவர் கூடுதலாகக் கவனிக்கும் சொற்கள் வேறு: 'ஹை கிரேட் டிஸ்பிளேசியா', 'வில்லஸ்' அல்லது 'டியூபுலோவில்லஸ்', 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் அளவு. 'செரேட்டட்' என்று இன்னொரு வகை உண்டு. அது தட்டையாக, பெரும்பாலும் குடலின் வலப்பக்கத்தில் இருக்கும். அதற்கும் தொடர் கவனிப்பு வேண்டும். 'ஹைப்பர்பிளாஸ்டிக்' என்று வந்து, அதுவும் மலக்குடல் பக்கத்தில் சின்னதாக இருந்தால், அநேகமாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

எனக்கு 34 வயசுதான். இந்த வயசுல இதெல்லாம் எப்படி வரும்?

வரும். 50 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்பவர்களில் நான்கில் ஒருவருக்காவது அடினோமா இருக்கும். வயது குறையக் குறைய அந்த எண்ணிக்கை குறைகிறதே தவிர, முப்பதுகளில் இல்லவே இல்லை என்று கிடையாது. 50-க்குக் கீழ் உள்ளவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் பல நாடுகளில் கூடி வருகிறது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021-ல் 45 ஆகக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்திருப்பது, உடல் பருமன், புகை, மது, நீண்டகாலக் குடல் அழற்சி நோய், நீரிழிவு ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். இவற்றில் எதுவுமே இல்லாத, தினமும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடுகிற ஆளுக்கும் வரலாம். "நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று உட்கார்ந்து யோசிப்பதில் பயன் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை விடக் கூடாது: இந்த வயதிலேயே வந்ததற்குப் பரம்பரைக் காரணம் ஏதும் உண்டா? அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மலத்தோட ரத்தம் வருது. மூலம்தானே? அம்மாவுக்கும் அப்படித்தான், வெந்தயம் சாப்பிட்டா நின்னுடும்.

மூலமாக இருக்கலாம், இளம் வயதில் பெரும்பாலும் அதுதான். ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. மூலமும் பாலிப்பும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். மூலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருந்து, உள்ளே இருந்த பெரிய விஷயத்தைத் தாமதமாகக் கண்டுபிடித்த இளைஞர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எனக்கு இதைச் சொல்லும்போது கோபமே வரும், ஏனென்றால் வெட்கத்தால்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப ரத்தம், மலப் பழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். குறிப்பாக ஆண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தச்சோகை என்றால், மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். "மூலம் என்று எப்படி உறுதி செய்தீர்கள் டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

50 வயசுக்கு மேலதானே பரிசோதனை? எனக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கே.

எந்த அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஆளுக்குத்தான் அந்த 50. சிங்கப்பூரின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட் என்னும் மலப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். அதே வயதிலிருந்து குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகவே ஃபிட் கிட் தருகிறது. ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடியுரிமை பெற்றவர்கள் தங்கள் குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம்.

அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் கணக்கே வேறு. 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோப்பி (கேமரா உள்ள குழாயைப் பின்பக்கம் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 45-ல் வந்தது என்றால் உங்களுக்கு 35. அப்படிப்பட்டவர்கள் மலப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பிதான். அறிகுறி இருப்பவருக்கு இந்த வயதுக் கணக்கு எதுவுமே பொருந்தாது.

ஃபிட்ல 'ரத்தம் இல்லை'ன்னு வந்துச்சு. அப்ப பாலிப்பும் இல்லதானே?

இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஃபிட் தேடுவது கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை. சின்னப் பாலிப்கள் பெரும்பாலும் ரத்தம் கசிவதே இல்லை. புற்றுநோயை அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் பெரிய பாலிப்களில்கூட பாதிக்கு மேல் தவறிப்போகும். அதனால்தான் ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தாமல் ஆண்டுதோறும் செய்யச் சொல்கிறார்கள். ஒரு நல்ல விஷயம்: ஃபிட் மனித ரத்தத்தை மட்டும்தான் பார்க்கும். முதல் நாள் ஆட்டு ஈரல் சாப்பிட்டேனே என்று பயப்பட வேண்டாம்.

'ரத்தம் உள்ளது' என்று வந்தால் மறுபடி ஒரு கிட் வாங்கி "இன்னொரு தடவை பார்ப்போமே" என்று செய்யாதீர்கள். இரண்டாவது சரியாக வந்தாலும் முதலாவது பொய்யாகிவிடாது. அடுத்த படி கொலனோஸ்கோப்பி, அவ்வளவுதான்.

சரி, செஞ்சுக்கலாம். எங்க போய் ஆரம்பிக்கணும்?

பலதுறை மருந்தகம், அல்லது சாஸ் மானியத் திட்டத்தில் உள்ள உங்கள் குடும்ப மருத்துவர். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேராக நிபுணரிடம் பணம் கட்டிப் போகிறவர்களும் உண்டு. நாள் சீக்கிரம் கிடைக்கலாம், செலவு கூடும். ரத்தம் வருகிறது, எடை குறைகிறது என்றால் அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே நாள் கிடைக்க அது உதவும்.

அந்த மருந்து குடிக்கிறதுதான் பெரிய கொடுமையாமே? என்ன சாப்பிடலாம்?

கொலனோஸ்கோப்பியில் கஷ்டம் என்று ஒன்று இருந்தால் இதுதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே நார்ச்சத்துக் குறைவான சாப்பாடு. வெள்ளைச் சோறு, கஞ்சி, மீன், முட்டை, வெள்ளை ரொட்டி, தெளிவான சூப் பரவாயில்லை. கீரை, முருங்கைக்காய், கொண்டைக்கடலை, பழுப்பரிசி, விதையுள்ள பழம் வேண்டாம். நம் வீட்டுச் சமையலில் மாட்டிக்கொள்வது தாளிப்பில்தான்: கடுகு, சீரகம், எள், மிளகாய் விதை எல்லாம் குடல் மடிப்பில் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்கும். அந்த மூன்று நாளைக்குத் தாளிக்காமல் சாப்பிடுங்கள். முந்தின நாள் மருத்துவமனை சொல்லும் நேரத்திலிருந்து தெளிவான பானம் மட்டும். பால் இல்லாத தே ஓ குடிக்கலாம். பண்டுங், ரிபெனா மாதிரி சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது. உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

மருந்தை ஒரேயடியாகக் குடிக்காமல், பாதி முந்தின இரவும் மீதி பரிசோதனை அன்று காலையும் குடிப்பதுதான் குடலை நன்றாகச் சுத்தம் செய்யும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்பதை உங்களுக்குக் கொடுத்த தாளில் உள்ளபடி செய்யுங்கள். குளிர வைத்து, உறிஞ்சு குழல் போட்டுக் குடித்தால் சுவை அவ்வளவு தெரியாது. பின்பக்கத்துக்கு முதலிலேயே வாசலின் தடவிக்கொள்ளுங்கள்; ஐந்தாவது தடவை போன பிறகு தடவுவதைவிட அது எவ்வளவோ மேல். கடைசியில் வெளியே வருவது வெளிர் மஞ்சள் நீராக, கழிப்பறைக் கிண்ணத்தின் அடி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பழுப்பாகக் கலங்கியே இருந்தால் போனதும் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

தினமும் மாத்திரை போடுறேன். நிறுத்தணுமா?

ஒவ்வொன்றையும் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கும். இன்சுலின், நீரிழிவு மாத்திரைகளின் அளவை மாற்றித் தருவார்கள். சில நீரிழிவு மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால், பாலிப்பைவிடப் பெரிய ஆபத்து அது.

வலிக்குமா? ரொம்ப வெக்கமா இருக்கும் அக்கா.

பெரும்பாலும் ஊசி மூலம் மயக்கம் தருகிறார்கள். அரைத்தூக்கத்தில் இருப்பீர்கள், பலருக்கு நினைவே இருப்பதில்லை. பின்பக்கம் திறப்புள்ள காகிதக் கால்சட்டை ஒன்றும் மேலங்கியும் தருவார்கள். இடப்பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். மேலே போர்வை இருக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் நாள் குறிக்கும்போதே கேளுங்கள், எல்லா இடத்திலும் உடனே அமையாது, ஆனால் கேட்பது உங்கள் உரிமை. சாதாரணமாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலிப் இருந்தால் அங்கேயே கம்பிச் சுருக்கு போட்டு எடுத்துவிடுவார்கள். குடலின் உள்சுவரில் வெட்டு வலி தெரியாது.

அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, கூட ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும். கிராப் ஓட்டுநரைத் துணை என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

எடுத்த பிறகு ஏதாவது ஆகுமா? அடுத்த வாரம் திருச்சிக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.

குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ நடக்கும். எடுத்த இடத்தில் ரத்தம் வருவது அதைவிடச் சற்று அதிகம், அதுவும் பெரிய பாலிப் எடுத்தவர்களுக்கு. இரண்டு வாரம் வரைக்கும்கூட வரலாம். கட்டி கட்டியாக ரத்தம், விடாத வயிற்று வலி, காய்ச்சல், வயிறு கல்லாக இறுகுவது என்றால் மறுநாள் காலைவரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பயணம் பற்றி, நாள் குறிக்கும்போதே கேளுங்கள். பெரிய பாலிப் எடுத்தவர்களை ஒன்றிரண்டு வாரம் விமானத்தில் போக வேண்டாம் என்று சொல்வதுண்டு. நடுவானில் ரத்தம் வந்தால் உதவிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் அதற்கு முந்தைய வாரத்தில் நாள் வாங்காதீர்கள்.

அடுத்தது எப்போ? எனக்கு 3 வருஷம்னு சொன்னாங்க, என் தோழிக்கு 7 வருஷம். ரெண்டு பேருக்கும் பாலிப்தான்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பாலிப் இருந்ததா என்பது மட்டும் போதாது. எத்தனை, எவ்வளவு பெரிது, என்ன வகை, முழுதாக எடுத்தார்களா, குடல் சுத்தமாக இருந்ததா என்று ஐந்து விஷயங்கள் சேர்ந்துதான் அடுத்த தேதியைத் தீர்மானிக்கின்றன.

பல நாடுகளில் பார்க்கப்படும் 2020-ம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி இப்படிச் சொல்கிறது. 10 மி.மீ.க்குக் குறைவான டியூபுலர் அடினோமா ஒன்றோ இரண்டோ என்றால் 7 முதல் 10 ஆண்டு. மூன்று நான்கு என்றால் 3 முதல் 5 ஆண்டு. ஐந்து முதல் பத்து, அல்லது ஒன்றே ஆனாலும் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது வில்லஸ், ஹை கிரேட் என்றால் 3 ஆண்டு. பத்துக்கு மேல் இருந்தால் ஓராண்டு, கூடவே மரபணு ஆலோசனையும் யோசிக்க வேண்டும். 20 மி.மீ. அல்லது அதற்கு மேலான பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஆறு மாதத்தில் அந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். சின்ன செரேட்டட் ஒன்றிரண்டு என்றால் 5 முதல் 10 ஆண்டு.

இங்குள்ள மருத்துவர்கள் பலர் இதைவிடக் கொஞ்சம் முன்கூட்டியே, சின்ன அடினோமாவுக்கும் 5 ஆண்டில் வரச் சொல்வதுண்டு. இளம் வயது, குடும்ப வரலாறு இருந்தால் இன்னும் முன்பே. ஐரோப்பிய வழிகாட்டியோ, நான்கு வரை சின்ன, லோ கிரேட் அடினோமா இருந்தவர்களுக்குத் தனிக் கண்காணிப்பே தேவையில்லை என்கிறது. அதனால் தோழியின் தேதியோடு உங்கள் தேதியை ஒப்பிடாதீர்கள். "ஏன் எனக்கு 3 ஆண்டு, என் ரிப்போர்ட்டில் எது காரணம்?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பதில் மேலே சொன்ன ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

3 வருஷம் எல்லாம் ரொம்ப நாள். பயமா இருக்கு, வருஷா வருஷம் செஞ்சுக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மருந்து, மயக்கம், மேலே சொன்ன சின்ன ஆபத்து எல்லாம் உண்டு. பாலிப் வளர ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பதில் கூடுதல் பலன் இல்லை. இடையில் ஃபிட் செய்து மனதைத் தேற்றிக்கொள்ளலாமே என்றும் கேட்கிறார்கள். கொலனோஸ்கோப்பிக் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு அது பொதுவாகத் தேவையில்லை. ஆனால் நடுவில் ரத்தமோ வேறு அறிகுறியோ வந்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

எடுத்துட்டாங்கல்ல, அப்புறம் எப்படி மறுபடியும் வரும்?

எடுத்த இடத்திலேயே வருவது குறைவு, முழுதாக எடுத்திருந்தால். வேறு இடத்தில் புதிதாக வரலாம், ஏனென்றால் குடல் அதே குடல்தான். அத்தோடு, முதல் தடவையே சில கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை செய்து பார்த்த ஆய்வுகளில், ஐந்தில் ஒரு பாலிப் போல முதல் முறை தவறியிருந்தது, பெரும்பாலும் சின்னவை. கடுகும் கீரையும் பற்றி மேலே அவ்வளவு எழுதியது இதனால்தான். குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால், "பாலிப் இல்லை" என்ற முடிவை நம்பி ஐந்து பத்து ஆண்டு விட்டுவிடக் கூடாது. ஓராண்டுக்குள் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

என் தம்பி, தங்கச்சி, பிள்ளைங்க எல்லாம் இப்பவே செய்யணுமா?

உங்கள் பாலிப்பைப் பொறுத்தது. சின்ன டியூபுலர் அடினோமா ஒன்றிரண்டு என்றால் பொதுவாக அவர்களுக்கு அவசரம் இல்லை. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ், ஹை கிரேட் என்றால், உங்களுக்குப் புற்றுநோய் வந்திருந்தால் எப்படியோ அப்படியே அவர்களுக்கும் கணக்கு: 40 வயது, அல்லது உங்கள் வயதுக்குப் பத்து குறைவு. அதற்குத்தான் நோய்க்கூறு ரிப்போர்ட்டின் (எடுத்த பாலிப்பின் திசுவைச் சோதித்துத் தருவது) நகலை வாங்கி வைக்கச் சொல்கிறேன். "அண்ணனுக்கு ஏதோ பாலிப்" என்று தம்பி போய்ச் சொன்னால் எந்த மருத்துவராலும் எதுவும் முடிவு செய்ய முடியாது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நம் வீடுகளில் இந்த மாதிரி விஷயத்தை மூடி வைக்கிற பழக்கம் உண்டு, பெண் பார்க்க வருகிற நேரம் என்றால் இன்னும் அதிகம். மூடி வைப்பதால் யாருக்கும் நல்லது நடப்பதில்லை.

பரம்பரை நோய்னா என்ன? யார் மரபணுப் பரிசோதனை செய்யணும்?

முக்கியமாக இரண்டு. ஒன்று லிஞ்ச் நோய்த்தொகுதி. இதில் பாலிப் நிறைய இருக்காது. இருப்பது வேகமாக மாறும். அதே குடும்பத்தில் கருப்பைப் புற்றுநோயும் வரும். அத்தை, பாட்டி கதையையும் கேளுங்கள் என்று சொல்வது இதற்காக. லிஞ்ச் உள்ளவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 வயதிலேயே தொடங்கி ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். மற்றது எஃப்ஏபி என்னும் பரம்பரைப் பாலிப் நோய். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப் வரும். 10, 12 வயதிலேயே பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்தக் குடும்பங்களுக்காகச் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் 1989-லிருந்து தனிப் பதிவகமே இருக்கிறது.

இதுவரை பத்துக்கு மேல் அடினோமா வந்தவர்கள், 50-க்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள், ஒரே பக்கத்துச் சொந்தத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தவர்கள் மரபணு ஆலோசனை பற்றிக் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு சின்னப் பாலிப் வந்த எல்லோருக்கும் தேவையில்லை.

ஆட்டுக்கறியை விட்டுட்டா வராதா? மஞ்சள் தண்ணி குடிச்சா?

மஞ்சள் தண்ணீர் குடித்தால் பாலிப் கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இருக்கிற பாலிப்பை எந்தச் சாப்பாடும் கரைக்காது. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை 'அநேகமாக உண்டாக்கலாம்' என்ற வகையில் வைத்தது. ஞாயிறு மட்டன் குழம்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஆனால் காலையில் லஞ்சன் மீட், மதியம் சாசேஜ் என்று போகிற பிள்ளைகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. புகையையும் மதுவையும் விடுவது, எடையைக் குறைப்பது, நடப்பது, பருப்பு, காய்கறி, முழுத்தானியம்: பலன் தருபவை இவைதான். இவற்றை எல்லாம் செய்தாலும் தேதிப்படி பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

கர்ப்பமா இருக்கேன், இந்த வருஷம்தான் அடுத்த தேதி.

வழக்கமான கண்காணிப்பைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைப்பார்கள். அறிகுறி இருந்தால் மட்டும் மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கர்ப்பத்தில் மூலம் சகஜம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மெடிசேவ்ல எடுக்கலாமா? இனிமே காப்புறுதி கிடைக்குமா?

கொலனோஸ்கோப்பிக்கு மெடிசேவ், அதாவது சம்பளத்திலிருந்து சேரும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். உச்சவரம்பு உண்டு, பாலிப் எடுத்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து அது மாறும். முன்கூட்டியே மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் இரண்டு தொகையையும் கேளுங்கள்: பாலிப் இல்லாவிட்டால் எவ்வளவு, எடுத்தால் எவ்வளவு. அறிகுறி இல்லாமல் செய்யும் பரிசோதனையையும் அறிகுறிக்காகச் செய்வதையும் தனியார் காப்புறுதி வெவ்வேறாகப் பார்க்கும், அதையும் முதலிலேயே விசாரியுங்கள்.

2015 நவம்பரில் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், முன்பே இருந்த நோய்களையும் சேர்த்துக் குடியுரிமை பெற்றவர்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் உண்டு. பாலிப் வந்ததால் அது போய்விடாது. புதிதாகத் தனியார் திட்டம் எடுக்கும்போது பாலிப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெருங்குடலை விலக்கி வைக்கலாம், தவணைத் தொகையைக் கூட்டலாம். மறைத்துவிட்டுப் பிறகு கோரிக்கை நிராகரிக்கப்படுவது அதைவிட மோசம்.

நான் வொர்க் பெர்மிட்ல இருக்கேன்ணே... எனக்கெல்லாம் இது நடக்குமா?

இப்படித் தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு தம்பிக்கு என் கணவர்தான் பதில் சொன்னார், அதையே எழுதுகிறேன். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலையிலிருந்து, மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு அவர் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். மேலே சொன்ன இலவசக் கிட்டும் மெடிசேவும் உங்களுக்குக் கிடையாது. ஆனால் ரத்தம் வருகிறது என்றால் அது பரிசோதனை ஆசை இல்லை, சிகிச்சை. கம்பெனி மருத்துவரிடம் "பைல்ஸ்" என்று சொல்லி களிம்பு வாங்கிக்கொண்டு வராமல், எத்தனை வாரமாக ரத்தம், எடை எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள், அதை அவர் எழுதுகிறாரா என்றும் பாருங்கள்.

ஊர்ல செஞ்சா செலவு கம்மி. அடுத்த தடவை சென்னைல செஞ்சுக்கலாமா?

செய்யலாம், அங்கே நல்ல மருத்துவர்களுக்குக் குறைவில்லை. போகும்போது பழைய கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட், நோய்க்கூறு ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துப் போங்கள். வரும்போதும் இரண்டையும் வாங்கி வாருங்கள். திசு முடிவு வரச் சில நாள் ஆகும், விடுமுறை முடிகிற கடைசி நாளில் செய்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். ரத்தக்கசிவு பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

5 வருஷம் கழிச்சு வரச் சொன்னாங்க. அவங்களே கூப்பிடுவாங்கதானே?

நம்பி இருக்காதீர்கள். ஐந்து ஆண்டில் நீங்கள் வீடு மாறுவீர்கள், கைப்பேசி எண் மாறும், மருத்துவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார். தனியார் மருந்தகம் என்றால் மூடியே இருக்கலாம். முடிவு சொல்லும் நாளிலேயே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கொலனோஸ்கோப்பி ரிப்போர்ட், நோய்க்கூறு ரிப்போர்ட், அடுத்தது எந்த ஆண்டு எந்த மாதம் என்று எழுத்தில். கைப்பேசி நாட்காட்டியில் அதற்கு ஆறு மாதம் முன்பே நினைவூட்டல் போடுங்கள், கடிதம் வாங்கவும் நாள் கிடைக்கவும் அவ்வளவு காலம் வேண்டும். குடும்ப மருத்துவரிடமும் சொல்லி அவர் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றால் திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். ரிப்போர்ட் தொலைந்திருந்தால், செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேட்டால் நகல் தருவார்கள்.